ஆறாம் நம்பர் தொட்டியில் பதில் வரவில்லை

கடலோர ஊரான ஒன்சானின் தொழிற்பேட்டையில் ஒரு ரசாயன ஆலையை இழுத்து மூடினார்கள். முதலாளி போய்விட்டான். அவன் விட்டுப்போன விஷக் கழிவு ஆறு தொட்டிகளில் கிடந்தது. யாராவது உள்ளே இறங்கி அள்ள வேண்டும், கழுவ வேண்டும். இறங்கியவர் மேங் தோக்பே. வயது அறுபத்தொன்று, தினக்கூலி. மனைவி செத்து ஒன்பது வருடம். வாடகை அறைக்குத் திரும்பினால் "வந்துட்டீங்களா" என்று கேட்க ஆள் கிடையாது.

தொட்டி வாசலில் காவல் இருந்தவர் யோன் மல்சுன். கிட்டத்தட்ட அதே வயது, விதவை. உள்ளே ஆள் இருக்கும்வரை அந்தம்மா வாசலை விட்டு அசையக் கூடாது. முகமூடிக்குள் பேச்சு எடுபடாது, இரும்புச் சுவருக்குள் வாக்கி டாக்கியும் வேலை செய்யாது. ஆகவே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மரச்சுத்தியால் வெளியிலிருந்து மூன்று தட்டு: இருக்கீங்களா? உள்ளிருந்து இரண்டு: இருக்கேன். முப்பது எண்ணுவதற்குள் பதில் வராவிட்டால் சங்கை ஊதி, கயிற்றைப் பிடித்து ஆளை இழுத்துவிட வேண்டும்.

இரண்டு வருடத்தில் ஐந்து தொட்டிகள் முடிந்தன. சகதியை வழித்து டிரம்மில் அடைப்பார் தோக்பே, தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவார். கழுவிய தண்ணீர் சோதனையில் தேறாவிட்டால் மறுபடி கழுவுவார். நாளெல்லாம் காது அந்த மூன்று தட்டுக்காகவே காத்துக் கிடக்கும். வெளியே வந்தாலோ, இன்னிக்குக் கடல்காத்து ஜாஸ்தி என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஆறாவதுதான் கடைசி. அது தேறியதும் வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள். சனிக்கிழமை கங்னுங் ஊரில் இருக்கும் மகனிடம் போய்விடப் போவதாகக் காப்பி நேரத்தில் மல்சுன் சொல்லியிருந்தார். போகாதீங்க என்று சொல்ல வேண்டும். நாலு நாளாகத் தோக்பே வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். யூனியன் கூட்டத்தில் மேலாளர் முகத்துக்கு நேரே மைக்கைப் பிடித்துக் கத்தியவர்தான் இவர்.

வியாழக்கிழமை கடைசிக் கழுவல். மூன்று தட்டு விழுந்தது. பதில் தட்ட, சகதி வழிக்கும் மரக்கரண்டியை ஓங்கிய தோக்பே அப்படியே நிறுத்திவிட்டார். பதில் தட்டினால் அடுத்ததற்கு ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். தட்டாமல் இருந்தால் இப்போதே இன்னொரு தரம் அந்தத் தட்டைக் கேட்கலாம் என்று ஒரு நப்பாசை.

கேட்டது சங்குதான். மூன்று பேர் ஓடிவந்து அவரை மூட்டை மாதிரி வெளியே இழுத்துப் போட்டார்கள். மல்சுன் முகமூடியைப் பிடுங்கினார்.

"மயக்கமா?"

"இல்லீங்க."

"பின்ன ஏன் பதில் தட்டல?"

"இன்னொரு தடவ தட்டுவீங்களான்னு..."

"இந்த வயசுல கண்ணாமூச்சியா, அண்ணே?" என்றான் கயிறு பிடித்தவன்.

மல்சுன் சிரிக்கவில்லை. "முப்பது எண்ணுறதுக்குள்ள நான் செத்துப் பொழச்சேன். சொல்ல ஏதாச்சும் இருந்தா வெளிய வந்து வாயத் தொறந்து சொல்லுங்க. ரெண்டு வருஷமா இங்கதான உக்காந்திருக்கேன்?"

தோக்பே செய்தது தப்பு, அதில் சமாதானம் சொல்ல ஒன்றுமில்லை. சங்கு பொய்யாக ஊதினால் அடுத்த முறை ஓடிவருகிறவன் நடந்துதான் வருவான். மேற்பார்வையாளர், தொட்டிக்குள் இறங்க அவருக்கிருந்த அனுமதிச் சீட்டைக் கிழித்தார். மிச்சத்தை வேறொருவன் கழுவினான். தோக்பே வேலியோரம் குந்திக்கொண்டு, இன்னொருத்தனுக்காக விழுந்த மூன்று தட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவன் உடனுக்குடன் பதில் தட்டினான். வெள்ளிக்கிழமை தண்ணீர் தேறியது.

சனிக்கிழமை தோக்பே பஸ் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கதவு மூடியாகிவிட்டது. மல்சுன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். திறக்க முடியாத கண்ணாடி. இரவெல்லாம் சொல்லிப் பார்த்த வார்த்தை வாயருகே வந்தது, ஆனால் உள்ளே கேட்காது. விரல் முட்டியால் கண்ணாடியில் மூன்று தட்டு தட்டினார்.

அந்தம்மா திரும்பிப் பார்த்தார். கையை அசைக்கவில்லை. தோக்பே எண்ணத் தொடங்கினார். பத்து, இருபது. எஞ்சின் உறுமியது. இருபத்தைந்தில் அவருக்கு மூச்சு முட்டியது. வெளியே நின்று எண்ணுவது இப்படித்தான் இருக்கும் என்று அதுவரை அவருக்குத் தெரியாது.

இருபத்தெட்டில் உள்ளிருந்து இரண்டு தட்டு வந்தது.

பஸ் கிளம்பிவிட்டது.