லிஃப்ட்காரர் வீட்டுப் புதிய பதிப்பு

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒரே கொள்கைதான்: ஓடுகிற மெஷினில் கை வைக்கக் கூடாது. முப்பது வருஷமாக அந்தக் கொள்கையோடு மாடி மாடியாக ஏறி இறங்கியவருக்குச் சொந்த வீட்டிலேயே துரோகம் நடந்தது. பார்க்க வந்த மகள் கம்ப்யூட்டரைத் திறந்தாள். பன்னிரண்டு வருஷமாக அவர் சபைக்கு வேதபாடம் தயாரிக்கப் பயன்படுத்திய பைபிள் மென்பொருளை வழித்துத் துடைத்துவிட்டு, புதிய பதிப்பைப் போட்டுவிட்டாள்.

"யாரைக் கேட்டு இதைச் செஞ்ச?"

"பழசுக்கு இனிமே சப்போர்ட் கிடையாதுப்பா. உங்க குறிப்பெல்லாம் பத்திரமா வந்திருக்கு."

"எங்க வந்திருக்கு? கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்கு."

அவர் கொதித்ததிலும் நியாயம் இருந்தது. வியாழக்கிழமை பாடத்துக்கு இரண்டே நாள். பழைய பதிப்பில் வசனத்தின் ஓரத்தில் மஞ்சள் புள்ளி இருக்கும். தட்டினால் குறிப்பு திறக்கும். சபையில் அந்த வாரம் எந்தப் பகுதியோ அதை மட்டும் தட்டுவார். ஒருமுறை நடத்தி முடித்த பகுதிப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார். இப்போது புள்ளியையே காணோம். எழுத்து மட்டும் கண்ணாடி போடாமலே படிக்கிற அளவுக்குப் பெரிதாகத் தெரிந்தது. அதை வாய்விட்டு ஒப்புக்கொள்ள அவருக்கு மனசு வரவில்லை.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி, "மெதுவாப் பழகிக்கலாங்க" என்றாள்.

"நீ சும்மா இரு" என்று எரிந்து விழுந்தார்.

அந்த வாரப் பாடம் கோபத்தை அடக்குவது பற்றி. சிரிக்காதீர்கள், சபையில் அதை அவரளவுக்கு அழகாக விளக்க ஆள் கிடையாது. மகள் தேடும் கட்டத்தில் 'கோபம்' என்று அடித்துக் காட்டிவிட்டுக் கடைக்குக் கிளம்பிப் போனாள். எல்லாக் குறிப்பும் ஒரே பட்டியலாக வந்து விழுந்தது. நூற்றுப் பன்னிரண்டு. அவர் எழுதியது பத்துகூடத் தேறாது. யாருடையதையோ கலந்துகட்டி வைத்திருக்கிறது உருப்படாத சாமான் என்று திட்டிக்கொண்டே ஒன்றைத் திறந்தார்.

"இன்றும் கோபம். பிள்ளை முன்னாடி தட்டைத் தூக்கி எறிந்தார். ஆண்டவரே, எனக்குப் பொறுமை தாரும்."

கீழே தேதி இருந்தது. அவர் வேலைக்குப் போனபின் மனைவியும் அந்த மென்பொருளில் வேதம் வாசிப்பாள் என்று அவருக்குத் தெரியும். எழுதுவாள் என்று தெரியாது. அவர் நடத்தி முடித்த வசனங்களாக, இனி எட்டிப் பார்க்கமாட்டார் என்று உறுதியான இடங்களாகப் பார்த்து எழுதியிருந்தாள். பன்னிரண்டு வருஷம்.

அப்போதும் அவருக்கு முதலில் வந்தது ஆத்திரம்தான்.

"இவ்வளவு எழுதி வெச்சிருக்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவள் திரையைப் பார்த்தாள். மடித்த சட்டையை மற்றவற்றின் மேல் வைத்தாள்.

"ஒரு தடவை சொன்னேனே. அன்னைக்கு என்ன ஆச்சுன்னும் அதுல இருக்கும், தேடிப் பாருங்க."

அவர் தேடவில்லை. அது எந்த நாள் என்று அவருக்கே ஞாபகம் இருந்தது.