ஐம்பத்திரண்டு வயது இளம் தலைவியும் இரண்டு விளக்குமாறும்

பிள்ளைக் காம்பரா வேலை என்பது, அழுகைச் சத்தத்தை வைத்தே இது பசி, இது தூக்கம், இது ஈரத் துணி என்று பிரித்துச் சொல்கிற வேலை. தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். றக்வானப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருபத்தாறு வருஷம் நானும் கொழுந்தெடுத்தவள்தான். முழங்கால் மடங்க மாட்டேன் என்றதும் காம்பராவில் போட்டார்கள். இது இரண்டாவது வருஷம். அழுகிற பிள்ளைகள் பதினைந்து பேரை ஒரே தாலாட்டில் அடக்கிவிடுவேன். அழாத பெரிய மனிதர் ஒருவர் முன்னால் நின்றால்தான் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கூட்டம் என்றாலே கடைசி வரிசையைத் தேடுகிறவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அம்மாமார் அந்தப் பக்கம்

பிள்ளை பராமரிப்பு வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு இளம் தலைவர்கள் பயிற்சி என்று ஒன்று வைத்தார்கள். குருவிட்டயில் மூன்று சனிக்கிழமை. அதன் பிறகு இரத்தினபுரியில், தோட்டங்களை நடத்தும் தொரைமாரும் வந்து உட்காரும் மாகாண மாநாடு. அங்கே ஒவ்வொருவரும் மூன்று நிமிஷம் பேச வேண்டும். மாநாட்டையே கண்டிராத எங்களைப் போன்றவர்களை அதற்குப் பழக்கி எடுப்பதுதான் பயிற்சி. வேலையில் சேர்ந்து மூன்று வருஷத்துக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. கொழும்பில் கடையில் நிற்கும் என் மகன் போனிலேயே விண்ணப்பத்தை நிரப்பிவிட்டு, வயசு கேட்கவே இல்லம்மா, தைரியமா போங்க என்றான்.

மாரியம்மனுக்குக் கற்பூரம் கொளுத்திவிட்டுப் போனேன். உள்ளே எல்லாம் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பிள்ளைகள். என் மகளைவிடச் சின்னதுகள். எனக்கென்று போட்டிருந்த நாற்காலியில் உட்காராமல், அரை மணி நேரம் சுவரோரத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். என் மேல் பிழையில்லை. வாசலில் பேர் எழுதிய பெண், என் சேலையையும் சாப்பாட்டுப் பையையும் பார்த்துவிட்டு மரியாதையாகச் சொன்னாள்: "பிள்ளைங்கள கூட்டிட்டு வந்த அம்மாமார் அந்தப் பக்கம் இருங்க."

ஒன்பதாம் நம்பர் மலை

பயிற்சி தந்தவர் மாவனல்லையிலிருந்து வரும் ரிஸ்னா மிஸ். மாநாட்டில் சொல்ல ஒரே ஒரு விஷயம் கொண்டு வாருங்கள், இரண்டு வேண்டாம் என்றார். எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

கொழுந்தெடுக்கும் செல்வி எங்கள் காம்பராவில் விட்டுப் போகும் மகனுக்கு நான்கு மாசம். போத்தலைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். பத்து மணிக்குத் தாய்மார் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகலாம். ஆனால் செல்விக்குப் பெரும்பாலும் ஒன்பதாம் நம்பர் மலை. இறங்கி வர அரை மணி நேரம், ஏறிப் போக அதற்கும் மேலே. அட்டைக்கடியோடு மூச்சிரைக்க வந்து சேரும்போது பிள்ளை அழுது களைத்துத் தூங்கியிருக்கும். பால் கட்டிச் சட்டை நனைய அப்படியே திரும்பிப் போவாள். பிந்திப் போனதற்குக் கங்காணியின் ஏச்சு வேறு. பாலும் குறையத் தொடங்கிவிட்டது. பால் கொடுக்கிறவர்களைக் காம்பராவுக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டாம் நம்பர் மலைக்கு அனுப்பினால் போதும்.

அதைத் தொரைதான் சொல்ல வேண்டும் என்றார் கங்காணி. அதைக் கேட்கத்தான் ஆபீசுக்கு இரண்டு தடவை போனேன். பெரிய தொரை நிமிர்ந்து பார்த்து என்ன வேணும் என்று கேட்டதும், இரண்டு தடவையும் என் வாயில் வந்தது, காம்பராவுக்கு ஒரு விளக்குமாறு வேணுங்க தொரை. இரண்டு தடவையும் தந்தார். அவரும் மாநாட்டுக்கு வருகிறார் என்று தெரிந்ததும் செல்வி, சிரிக்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "பெரியம்மா, அங்க சாப்பாடு என்ன குடுத்தாங்கன்னு வந்து சொல்லாதீங்க. இத சொன்னீங்களா, அத மட்டும் சொல்லுங்க."

ஐந்து பேரின் சுகதுக்கம்

மாநாட்டில் முன்பின் தெரியாதவர்களிடம் போய்ப் பேசப் பழக வேண்டுமாம். ஆளுக்கு ஐந்து பேரிடம் அறிமுகமாகி, அவர்கள் எங்கே, என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டு வரச் சொன்னார் மிஸ். பத்து நிமிஷத்தில் எல்லோரும் முடித்துவிட்டார்கள். தேத்தண்ணி ஆறியும் நான் மூன்றாவது ஆளிடம்தான் நின்றேன்.

கடைசியில் எழும்பி ஒப்பித்தேன். இந்தப் பிள்ளையின் அப்பாவுக்குச் சீனி வியாதி. அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் தள்ளிப் போகிறது. கேகாலையிலிருந்து வந்த மகளுக்குத் தீராத தலைவலி. ஐந்து பேரின் பேரையும் சாமிக்கு விளக்கேற்றும்போது சொல்வதற்காக எழுதி வைத்திருக்கிறேன் என்றேன். யார் எங்கே வேலை செய்கிறார்கள் என்று மிஸ் கேட்டபோதுதான், அதை நான் கேட்கவே இல்லை என்று தெரிந்தது. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "அம்மா, நான் தொழில கேட்டு வரச் சொன்னேன். நீங்க வருத்தத்த கேட்டு வந்திருக்கீங்க."

மூன்று நிமிஷம்

மூன்றாவது சனிக்கிழமை ஒத்திகை. எனக்கு ஜோடியாகத் தில்கி என்ற சிங்களப் பிள்ளையைப் போட்டார்கள். தமிழ் நன்றாகப் பேசுவாள். போனில் நேரம் பிடிப்பது அவள் வேலை.

எழும்பினேன். கடவுளுக்கு நன்றி. வந்திருக்கும் பெரியவர்களுக்கு, தோட்டத்துப் பெரிய தொரைக்கு, சின்னத் தொரைக்கு, கங்காணிக்கு, பயிற்சி தந்தவர்களுக்கு, சமைத்தவர்களுக்கு, பஸ் டிரைவருக்கு நன்றி. எங்கள் தோட்டத்துக் கூட்டங்களில் ஒரு பேரை விட்டால் ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். நான் யாரையும் விடவில்லை. தில்கி போனை என் முகத்துக்கு நேரே திருப்பிக் காட்டினாள்: "அம்மே, நன்றி முடிஞ்சது, நேரமும் முடிஞ்சது. பிள்ளை இன்னும் பசியோடதான் இருக்கு."

பெரட்டுக்கு நின்ற மாதிரி

மாநாட்டு நாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தேன். போய், வெளியே மாமரத்தடியில் நின்றேன். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நிற்போம். பேர் கூப்பிட்ட பிறகுதான் மலைக்குப் போவோம். கூப்பிடாமல் நகர்ந்து எனக்குப் பழக்கமில்லை. ஆட்கள் வரிசையாக உள்ளே போனார்கள், மங்கள விளக்கும் ஏற்றியாயிற்று. பேச்சாளர் ஒருவரைக் காணவில்லை என்று என்னைத்தான் தேடிக்கொண்டிருந்தார்களாம். தில்கி ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்தாள்: "அம்மே, இங்க யாரும் பேர் கூப்பிட மாட்டாங்க. நாமதான் போய் நம்ம பேர சொல்லணும்."

எழும்பி நின்ற மண்டபம்

பேசுவதற்கு முன் ஒரு மூச்சு எடுங்கள், ஒரு முகத்தை மட்டும் பார்த்துப் பேசுங்கள் என்று ரிஸ்னா மிஸ் சொல்லியிருந்தார். மேடையில் ஏறி மூச்சை எடுத்தேன். அது போதாது என்று கண்ணை மூடித் தலை குனிந்து, மாரியம்மா, அந்தப் பிள்ளையின் பசியை நீயே பேசு என்று வேண்டினேன். கொஞ்சம் நீளமாகத்தான் வேண்டிவிட்டேன் போலிருக்கிறது. நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால் மண்டபம் முழுக்க எழும்பித் தலை குனிந்து நிற்கிறது. யாருக்கோ மௌன அஞ்சலி என்று நினைத்துவிட்டார்கள். முன் வரிசையில் எங்கள் பெரிய தொரை, கைகளைக் கட்டிக்கொண்டு.

"உட்காருங்க" என்றேன். தொரை உட்கார்ந்தார். என் ஆயுளில் ஒரு தொரையை நான் உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. அது தந்த தைரியத்தில், நன்றி ஒன்றும் சொல்லாமல், தில்கியின் முகத்தை மட்டும் பார்த்து, செல்வி இறங்கி வரும் பாதையைச் சொன்னேன். நனைந்த சட்டையைச் சொன்னேன். இரண்டாம் நம்பர் மலையைக் கேட்டேன். அதையே சிங்களத்திலும் ஒரு தடவை சொன்னேன். அப்படியும் நேரம் மிச்சம்.

தேத்தண்ணி நேரத்தில் தொரை கோப்பையோடு என்னிடம் வந்தார். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். சீனியைக் கலக்கிக்கொண்டே கேட்டார்: "ஆபீசுக்கு ரெண்டு தடவ வந்தது இதுக்குத்தானா? அப்பவே சொல்லியிருந்தா விளக்குமாறாவது மிஞ்சியிருக்குமே."

இரண்டாம் நம்பர் மலை

பிள்ளைக்கு ஒரு வயசு ஆகும்வரை கேட்டேன், ஆறு மாசம் ஆகும்வரை என்று கொடுத்தார்கள். மீதி ஆறு மாசத்தை இனித்தான் கேட்க வேண்டும். திங்கட்கிழமை பெரட்டில் கங்காணி செல்வியின் பேரை இரண்டாம் நம்பருக்குக் கூப்பிட்டார், என் பக்கம் திரும்பாமலே. பத்து மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் அவள் வந்துவிட்டாள். பிள்ளை அப்போதுதான் சிணுங்கத் தொடங்கியிருந்தான். அது பசி, எனக்குத் தெரியும். அவன் குடிக்கும் சத்தம் காம்பரா முழுக்கக் கேட்டது. நான் சாமிப் படத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். செல்வி பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே கேட்டாள்: "இப்ப சொல்லுங்க பெரியம்மா, சாப்பாடு என்ன குடுத்தாங்க?"

மூன்று சனிக்கிழமையும் ஒரு மாநாடும் சேர்ந்து, விளக்குமாறு மட்டுமே கேட்கத் தெரிந்த ஒரு வாயை ஒரு மலையையே கேட்க வைத்துவிட்டன; மேலதிக விளக்குமாறு இரண்டையும் ஆபீசில் திருப்பிக் கொடுக்கும் தலைமைத்துவம்தான் இன்னும் வரவில்லை.