அறைக்கு வெளியே இருந்த சுவிட்ச்

தெருவில் அவளுக்கு டெஸ்டர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வாக்காளர் பட்டியலோடு சரி. மெயினை அணைத்துவிட்டேன் என்று வீட்டுக்காரர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும், டெஸ்டரை வைத்துப் பார்க்காமல் எந்த ஒயரிலும் அவள் விரல் படாது. மனிதர்களிடமும் அப்படித்தான். இருபது வருட எலக்ட்ரீஷியன் தொழிலில் ஒரு தடவைகூட ஷாக் வாங்கியதில்லை என்று பெருமை வேறு. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவள் டெஸ்ட் செய்யாமலே நம்பிவிட்டாள்.

அது அண்ணி விஷயம்.

இருபத்திரண்டு வயதில், வேலை பார்த்த அச்சகத்தின் படிக்கட்டில் உருண்டு தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். அப்பாவும் அம்மாவும் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார்கள். அண்ணன்தான் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சாமான் அறையில் கட்டில் போட்டுக் கொடுத்தார். அந்த அறையில் சன்னல் என்று ஒன்று பேருக்கு இருந்தது; நட்ட நடுப்பகலிலும் இருட்டு. ஃபேனும் லைட்டும் உண்டு. ஆனால் அவற்றின் சுவிட்ச் அறைக்கு வெளியே, கூடத்துச் சுவரில் இருந்தது. சாமான்களுக்கு எதற்கு சுவிட்ச் என்று கட்டியவன் நினைத்திருப்பான்.

ராத்திரி ஒன்பது மணியானால் வெளியே டக், டக். லைட் போகும், ஃபேன் நிற்கும். இடுப்பு வரை மாவுக்கட்டு. வியர்வை கட்டுக்குள் இறங்கி அரிக்கும், சொறியக் கை எட்டாது. கத்திக் கூப்பிட்டால் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணன் குரல்தான் வரும்.

"கொஞ்சம் பொறுத்துக்க பாப்பா. அவ அப்படித்தான். நான் பேசிப் பாக்குறேன்."

அவர் பேசிப் பார்த்து ஒன்றும் ஆகவில்லை. சில நாள் நடுராத்திரியில் ஃபேன் தானாகச் சுற்றும். பாவம் அண்ணன், பெண்டாட்டி தூங்கியபிறகு திருட்டுத்தனமாக எழுந்து வந்து போடுகிறார் என்று இவளுக்குக் கண் கலங்கும். காலையில் அண்ணி வெந்நீரும் துண்டுமாக வருவாள். உடம்பு துடைத்துவிடுவாள், வாய் திறக்க மாட்டாள். செய்வதையும் செய்துவிட்டு இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று நிற்கிறாளே என இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மூன்று மாதம் மல்லாந்து கிடந்தாள். ஃபேனிலிருந்து கிளம்பும் ஒயர் மரச்சட்டத்தின் மேல் ஓடி, மூலையில் திரும்பி, சுவர் ஓட்டை வழியாகக் கூடத்துக்குப் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து நடந்ததும் முதல் வேலையாக ஒயரிங் படிக்கச் சேர்ந்தாள். அண்ணியும் ஒரு நாள் விழுவாள், அன்றைக்கு சுவிட்ச் என் கையில் இருக்கும் என்ற நினைப்புதான் அவளை அந்தப் படிப்பில் தேற வைத்தது. அதற்குப் பிறகு அண்ணனுக்கு மட்டும் சட்டை எடுத்துக் கொடுப்பாள், அண்ணனை மட்டும் நலம் விசாரிப்பாள்.

இருபத்திரண்டு வருடம் கழித்து அண்ணி குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். வெளியூரில் இருந்த அண்ணன் மகள் போன் செய்தாள்.

"அத்தை, அம்மாவை அந்தச் சாமான் ரூம்லதான் போட்டிருக்காங்க. கட்டில் பக்கத்துல சுவிட்ச் போட்டுக் குடுங்களேன். வெளியாளைக் கூப்பிட அப்பா விட மாட்டேங்குறாரு."

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றாள் டெஸ்டர். பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது.

என்ன செய்வது என்று அவளுக்கு அப்போதே தெரியும். தொழிலுக்குப் புதியவர்கள் ஒரு தப்பு செய்வார்கள். வெளி சுவிட்ச்சிலிருந்து வரும் ஒயரிலேயே உள் சுவிட்ச்சையும் கோத்துவிடுவார்கள். இரண்டும் போட்டிருந்தால் ஃபேன் ஓடும். வெளியே அணைத்துவிட்டாலோ, உள்ளே இருப்பவர் தலைகீழாக நின்றாலும் ஓடாது. அந்தத் தப்பை அவள் வேண்டுமென்றே செய்யப் போகிறாள். கைக்கு எட்டியும் காரியத்துக்கு உதவாமல், அண்ணி அதைத் தட்டித் தட்டிச் சாகட்டும்.

மறுநாள் காலையில் போனபோது அண்ணன் வெளியே போயிருந்தார். பக்கத்து வீட்டில் சாவி வாங்கித் திறந்தாள். வேலை நேரத்தில் ரப்பர் செருப்பைக் கழற்றுவதில்லை, அப்படியே உள்ளே போனாள். அண்ணி பாதியாகிக் கிடந்தாள். அதைப் பார்த்ததும் மனம் இளகியிருக்க வேண்டும், இளகவில்லை. நல்லா அனுபவி என்றுதான் இருந்தது.

"வந்தியா," என்றாள் அண்ணி.

"வேலை இருக்கு, பேச்சு குடுக்காதீங்க அண்ணி."

மதியத்துக்குள் வேலை முடிந்தது. மெயினைப் போட்டு லைட், ஃபேன் இரண்டையும் ஓடவிட்டாள். கட்டிலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒயர்த் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது வாசல் கதவு திறந்தது. அண்ணன் தொண்டையைச் செருமினார். சில வருடங்களாக ஒற்றைக் காலை இழுத்து நடக்கும் அவருடைய செருப்புச் சத்தம் கூடத்தைத் தாண்டி வந்து அறை வாசலில் நின்றது.

"பகல்ல எதுக்கு இதெல்லாம்?"

டக், டக்.

ஃபேன் தளர்ந்து நின்றது. செருப்புச் சத்தம் அடுப்படிப் பக்கம் போனது. இருட்டில் அண்ணி கையை நீட்டிப் புது சுவிட்ச்சைத் தட்டினாள். எதுவும் வரவில்லை. மறுபடி தட்டினாள்.

"இதுவும் வேலை செய்யலையா?" என்றாள். கோபம்கூட இல்லை அந்தக் குரலில்.

டெஸ்டர் கட்டிலுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "தினமும் அண்ணனா அணைக்கிறாரு?"

"வேற யாரு? மத்தியானம் ஒரு தரம், ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு தரம். நீ படாததா?"

"நான் கிடந்தப்போ... நடுராத்திரியில போட்டுவிட்டது?"

"நான்தான். அவர் குறட்டை விட்டதும் வருவேன். ஒரு நாள் மாட்டிக்கிட்டேன், அடி விழுந்துச்சு. ஏன், உனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் முகம் குடுத்துப் பேச மாட்டேங்குறாளேன்னு நான் எத்தனை நாள் அழுதிருக்கேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த கையை டெஸ்டர் ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை. குரலை நம்பினாள், அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடக் கோபத்தை ஆள் மாற்றி ஊற்றியிருக்கிறாள். வெட்கத்தில் காது சுட்டது. வெட்கம் கொஞ்ச நேரம்தான். அதன் பின்னாலேயே கோபம் சரியான விலாசத்தைத் தெரிந்துகொண்டு கிளம்பியது.

"அண்ணி," என்று குனிந்து காதோடு சொன்னாள், "ஒரு மணி நேரம் குடுங்க."

கூடத்துக்கு வந்தாள். அண்ணன் சிரித்த முகமாக, "பாப்பா, நீ எப்ப வந்த?" என்றார்.

"ஒயரிங்ல ஒரு தப்புண்ணே. பிரிச்சுத்தான் போடணும்." மெயினை அணைத்தாள். அவர் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தின் அந்தக் கோடியில் இருந்த கட்டிலில் சாய்ந்து, பனியனைத் தூக்கி விசிறிக்கொண்டார்.

"புழுங்குது பாப்பா. எப்ப முடியும்?"

வெளி சுவிட்ச்சுகளின் பின்னாலிருந்த ஒயர்களைக் கழற்றி, கரண்டை நேராக அண்ணியின் கட்டிலுக்குக் கொண்டுபோனாள். வெளியே அந்த இரண்டு சுவிட்ச்சும் இனி வெறும் பொம்மை. அண்ணியின் கைப்பக்கம் மூன்றாவதாக இன்னொன்று வைத்தாள். அது கூடத்து ஃபேனுக்கு. அங்கே பழைய சுவிட்ச்சை எடுத்துவிட்டு டூவே சுவிட்ச் மாட்டி, இரண்டு ஒயர் இழுத்து உள்ளே இருந்ததோடு இணைத்தாள். இது முறையான ஒயரிங். ஒருவர் போட்டதை மற்றவர் அணைக்கலாம். கடைசியாகத் தட்டியவர் சொன்னபடிதான் ஃபேன் கேட்கும். எழுந்து போய்த் தட்ட வேண்டியவர் அண்ணன். அண்ணிக்கு விரலை அசைத்தால் போதும். எல்லா முனைகளிலும் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு மெயினைப் போட்டாள்.

அண்ணன் எழுந்து கூடத்து ஃபேனைப் போட்டார். பழக்க தோஷம், அறையின் சுவிட்ச்சுகளையும் தட்டினார். உள்ளே ஃபேன் அதுபாட்டுக்குச் சுற்றியது. மறுபடி தட்டினார்.

"என்ன பாப்பா, இது அணையவே மாட்டேங்குது?"

"இனிமே அணையாதுண்ணே. போய்ப் படுங்க."

முணுமுணுத்துக்கொண்டே போய்ப் படுத்தார். டெஸ்டர் அறைக்குள் திரும்பிப் பார்த்து, அண்ணிக்கு மூன்றாவது சுவிட்ச்சைக் கண்ணால் காட்டினாள். அண்ணி தயங்கினாள். பிறகு தட்டினாள்.

கூடத்து ஃபேன் நின்றது. அண்ணன் எழுந்து வந்து போட்டுவிட்டு, காலை இழுத்துக்கொண்டு திரும்பிப் போய்ச் சாய்ந்தார். முதுகு படுக்கையில் பட்டதும் மறுபடி நின்றது. உள்ளேயிருந்து, இத்தனை வருடத்தில் டெஸ்டர் கேட்டேயிராத சத்தம் ஒன்று வந்தது. அண்ணி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, என்னடி இது!" என்று கத்தினார் அண்ணன்.

டெஸ்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"கொஞ்சம் பொறுத்துக்கங்கண்ணே. அவங்க அப்படித்தான். நான் பேசிப் பாக்குறேன்."