பச்சைமலை உண்டியலில் விழுந்த மஞ்சள் முடிச்சுகள்

எண்பதுகளின் தொடக்கம், மாசி மாதம். காலை ஐந்தரைக்கு அரியலூரில் பஸ் ஏறினேன். பெரம்பலூருக்கு முப்பது கிலோமீட்டர், டிக்கெட் இரண்டே கால் ரூபாய். மலையேறப் போவதாகச் சொன்னதும் கண்டக்டர் என் செருப்பைப் பார்த்தார்.

"வேண்டுதலாங்க?"

"இல்லீங்க. நோயாளிப் புள்ளைங்களுக்கு நன்கொடை சேக்கப் போறோம்."

"அதுக்கு எதுக்கு மலையேறணும்? கேட்டா குடுக்க மாட்டாங்களா?"

சும்மா கேட்டால் கொடுக்க மாட்டார்கள் என்பதால்தான் ஏறினோம். பிழைக்காது என்று ஆஸ்பத்திரிகள் திருப்பி அனுப்பிய குழந்தைகளை அரியலூரில் செசிலி என்ற நர்ஸ் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துவந்தார். அவர்களில் முத்துவுக்கு எட்டு வயது, எலும்பில் புற்று. வலிக்கு ஊசி போட்டால் விடுகதை போடுவான். ஊசி தீர்ந்தால் அவன் கத்துவது தெருமுனை வரை கேட்கும். மருந்து திருச்சியிலிருந்து வர வேண்டும், காசில்லை. நாங்கள் சிலர் பச்சைமலை ஏறுகிறோம், மனமிரங்கிக் கொடுங்கள் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தோம்.

பெரம்பலூரில் எங்கள் தலைவர், அரிசி மில் வைத்திருந்த தங்கராசு அண்ணன், மற்றவர்களோடு சேர்ந்துகொண்டார். கடைவீதியில் கிடைத்ததெல்லாம் குடிக்கக் கலர் சோடாவும் வாழ்த்தும்தான். "ஏறிட்டு வாங்க, பாக்கலாம்" என்றார்கள். நாங்கள் பாதியில் இறங்கிவிட்டால் அவர்கள் காசு வீணாகிவிடுமாம்!

அரும்பாவூர் தாண்டி மலையாளப்பட்டியில் நடை தொடங்கியது. காசு அங்கேதான் வந்தது. மிளகாய்க் கொல்லையிலிருந்து பெண்கள் ஓடிவந்து, மஞ்சள் துணியில் முடிந்த காசைக் கையில் திணித்தார்கள். பூங்காவனம் என்ற கூலிக்காரப் பெண், "புள்ளைங்களுக்கு வலி கொறையட்டும்" என்று சொல்லிக் கொடுத்தாள். எல்லாம் சேர்ந்த பையைத் தங்கராசு அண்ணன் தோளில் மாட்டிக்கொண்டார்.

பாதை என்று சொல்வது மரியாதைக்கு. வழியெல்லாம் உருளும் கல், சட்டையைப் பிடித்திழுக்கும் முள். உச்சி வெயிலில் மேலே அம்மன் கோயிலை அடைந்தோம். நான் சுனையில் முகம் கழுவித் திரும்புவதற்குள் பை தட்டையாகியிருந்தது. அண்ணன் கடைசி முடிச்சை உண்டியலில் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணே பண்ணிட்டீங்க?"

"மஞ்சத்துணிக் காசும்மா. சாமிக்குன்னு முடியறது. நாம எடுத்தா நம்ம வூட்டுப் புள்ளைங்களுக்கு ஆகாது."

"முத்து யாரு வூட்டுப் புள்ளை?"

"சாமி பாத்துக்கும்மா."

இதுவரை யார் பார்த்தார்கள் என்று கத்தினேன். பூசாரி ஓடிவந்தார். "சாவி டவுன் ஆபீஸ்ல இருக்குங்க. உள்ள போனது போனதுதான்" என்றார். குழந்தையின் வலிக்கென்று கொடுத்த காசைத் தன் பயத்துக்குக் காணிக்கையாகப் போட ஒரு மனிதருக்கு எப்படி மனம் வந்தது?

அடிவாரத்தில் பூங்காவனம் காத்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் நேராக அண்ணனிடம் போனாள்.

"எம் பையன் சாகக் கெடந்தப்ப இந்தச் சாமிக்கு எத்தன முடிச்சு போட்டிருப்பேன்! போதும்னுதான் இந்தத் தடவ புள்ளைங்களுக்கு முடிஞ்சேன். நல்ல காரியத்துக்குக் குடுக்கறத மஞ்ச தடவாத வெறுந்துணியிலயா முடிவாங்க? ஒரு வார்த்த கேக்கக் கூடாதுங்களா?"

அண்ணன் காலிப் பையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸை நோக்கி நடந்தார். பெரம்பலூர் கடைவீதியில் இரண்டு பேர் கொடுத்தார்கள். ஒருவர், உச்சிக்குப் போனதற்குச் சாட்சி யார் என்று கேட்டார்.

பொழுது சாய அரியலூர் வந்தேன். கொண்டுவந்த பணத்தில் பாதி மருந்துகூட வராது என்றார் செசிலி. திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. உள்ளே முத்து முனக ஆரம்பித்திருந்தான்.

வீட்டில் சாமி படத்தடியில், என் மகளின் காய்ச்சலுக்காகக் காசு முடிந்துவைத்த மஞ்சள் துணி கிடந்தது. அவளுக்குக் குணமாகி வெகுநாள் ஆகியும் கோயிலுக்குப் போக நேரம் ஒழியவில்லை. மலையில் அவ்வளவு கத்தியவள் நான். முடிச்சைத் தொட்டதும் கை பின்வாங்கியது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள். பின்வாங்கிய என் கையின் மேல் வந்த ஆத்திரம் தங்கராசு அண்ணன் மேல்கூட எனக்கு வரவில்லை. விரலுக்கு வராத முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தேன்.