நன்னடத்தைக்கு வீடு கிடையாது

ஜெயிலிலிருந்து வெளியே வந்த பெண்களுக்காக ஸ்கெலட்டன் என்ற சுரங்கக் குடியிருப்பில் ஒரு டிரஸ்ட் நடத்திய இல்லத்தில்தான் முதலில் தங்கினேன். நல்ல மனிதர்கள். ஜெயிலில் சாயங்காலம் ஆறு மணிக்குப் பூட்டினால் அதற்கு லாக்கப் என்று பெயர். இங்கே ஆறு மணிக்குப் பூட்டினால் பாதுகாப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது பிறந்தநாள் கொண்டாட வருவார்கள். எங்களுக்குக் கேசரி கொடுத்து, நாங்கள் சாப்பிடுவதைப் போட்டோ எடுத்து, "தைரியமா இருங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறுவார்கள். நாங்களும் தைரியமாகத் தட்டைக் கழுவி வைப்போம்.

பெங்களூரில் ஓர் ஆபீசைப் பெருக்கித் துடைக்கும் வேலை கிடைத்தது. காலை ரயிலில் போனால் திரும்ப இருட்டிவிடும். ஆறு மணிப் பாதுகாப்புக்கு அது ஒத்துவரவில்லை. இல்லத்து வார்டன் அக்கா, "தனி வீடு பாத்துடலாம்மா" என்று கூடவே கிளம்பினார். அவரைப்போல் பொய் சொல்லாத மனுஷியை நான் பார்த்ததில்லை. அதுதான் தொல்லை. எந்த வாசலிலும் செருப்பைக் கழற்றும் முன்பே, "இவங்க ஜெயில்ல இருந்து வந்தவங்க, ஆனா ரொம்ப நல்லவங்க" என்று ஆரம்பிப்பார். அந்த "ஆனா" வருவதற்குள் வீடு வேறு யாருக்கோ பேசி முடிந்திருக்கும். ஓர் இடத்தில் 'டூ லெட்' அட்டையை எங்கள் கண்ணெதிரிலேயே கழற்றினார்கள்.

"அக்கா, அடுத்த வீட்டுக்கு நான் மட்டும் போறேனே."

"மறைக்கக் கூடாதும்மா."

"கேட்டா சொல்றேன்க்கா."

மாரிகுப்பம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், புருஷனை இழந்து தனியாக இருந்த ஓர் அம்மாவின் வீட்டில் பின்பக்கம் காலியாக இருந்தது. தண்ணீரை அளவாகச் செலவழிப்பேனா, சொந்தக்காரர்கள் கூட்டமாக வருவார்களா என்று மட்டும் கேட்டார். என்னைத் தேடி யாருமே வரமாட்டார்கள் என்றதும் அவருக்கு மகா சந்தோஷம். அன்றே சாவியைக் கொடுத்துவிட்டார்.

கொஞ்ச நாளில், ரயிலில் என்கூட வரும் ஒரு புண்ணியவதி அவர் காதில் விஷயத்தைப் போட்டுவிட்டாள்.

"இன்னாமா, நீ ஜெயிலுக்குப் போனவளாமே? ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலியேம்மா."

"குடிவர்றவங்கள எல்லாம் அத்தயா கேட்டுகினு இருப்பாங்க? மாசக் கடைசில காலி பண்ணிடு."

சரி என்றேன். வேறென்ன சொல்ல? மூட்டை கட்டுவது எனக்குப் பழகிய வேலை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய கொழுந்தனார் குடித்துவிட்டு வந்தார். வீடு தன் அண்ணனுடையது, அதனால் தனக்குத்தான் என்று அடிக்கடி வந்து கத்துவாராம். அன்றைக்குக் குடத்தையும் எட்டி உதைத்தார். சத்தம் கேட்டுக் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியோடு வெளியே வந்துவிட்டேன்.

அந்த அம்மா சட்டென்று என் பக்கம் கையை நீட்டினார். "இவங்க யாருன்னு தெரியுமாடா? ஜெயிலுக்குப் போய்ட்டு வந்தவங்க! எனக்கு ஒண்ணுன்னா சும்மா உட மாட்டாங்க!"

கொழுந்தனார் என்னைப் பார்த்தார். கத்தியைப் பார்த்தார். "அப்புறமா பேசிக்கலாம் அண்ணி" என்று போய்விட்டார்.

மாசக் கடைசியில் மூட்டையோடு நின்றேன். "யாரு உன்ன காலி பண்ணச் சொன்னது?" என்று அந்த அம்மா கோபித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஜெயிலில் ஒழுங்காக இருந்தேன், இல்லத்தில் நல்லவள் என்று பேரெடுத்தேன். அதற்கெல்லாம் ஒரு கதவும் திறக்கவில்லை. ரவுடி என்றதும் நிரந்தரக் குடித்தனம்.

பிறகொரு நாள் வார்டன் அக்கா என்னைப் பார்க்க வந்தபோது, வீட்டுக்கார அம்மா காபி கொடுத்து ரகசியமாகக் கேட்டார்: "இவங்கள மாதிரி இன்னொருத்தங்க கெடைப்பாங்களா? என் தங்கச்சி வீட்லயும் கொழுந்தன் தொல்லை கீது."

அடுத்த வாரமே இல்லத்திலிருந்து ஒருத்தி அங்கே குடிபோனாள். காக்காயைக்கூட விரட்டத் தெரியாதவள்.