நான் தைத்த நட்சத்திரங்கள்

கைப்பையின் உள்ளே ஒட்டுகிற வெள்ளைத் துணியில் ஒரு சிவப்புப் புள்ளி கிடந்தது. தோலுக்குப் பூசும் சாயத்தைச் சிந்திவிட்டான் என்று நினைத்து, பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். மறுநாள் இருமியபோது அதே நிறம் என் கைக்குட்டையில் இருந்தது. அதற்கு முன் மூன்று மாதமாகச் சாயங்கால ஜுரமும் இருமலும் இருந்தன. பம்பாயில், இந்தத் தாராவிக் காற்றில் யார்தான் இருமவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டு ஓட்டியிருந்தேன்.

இதே நோயோடு எங்கோ ஓர் ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இது அறுபதுகளின் நடுவில் நடந்தது. மருந்தும் முறையும் அதற்குப் பிறகு எவ்வளவோ மாறிவிட்டன. ஆகவே வைத்தியத்துக்கு உங்கள் டாக்டரைக் கேளுங்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது அந்த நாட்களை எப்படிக் கழித்தேன் என்பது மட்டும்தான்.

மாதுங்காவில் ஒரு தமிழ் டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, விளக்குப் பெட்டியில் மாட்டிக் காட்டினார். காசம் (நுரையீரலைக் கிருமி அரிக்கும் நோய்). இடப்பக்கம் மேலே ஒரு கேவிட்டி (நோய் அரித்து உண்டாக்கிய குழி) இருந்தது. எட்டணாக் காசு அளவுக்குக் கறுப்பாக, ஓரத்தில் வெள்ளை வளையத்தோடு தெரிந்தது.

“பதினெட்டு மாசம் மருந்து. ஆறு மாசத்துல மறுபடி எக்ஸ்ரே. குழி மூடலைன்னா ஆபரேஷன் பண்ணணும்” என்றார். தொரக்கோபிளாஸ்டி (சில விலா எலும்புகளை எடுத்துவிட்டு, நுரையீரலை அமுங்க வைத்துக் குழியை மூடும் அறுவை) என்று பெயர் சொன்னார். தோள் ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். கை பழையபடி உயருமா என்று கேட்டேன். அவர் பேனாவை மூடினார்.

நான் தோல் பை தைப்பவன். இடக்கையால் தோலை இழுத்துப் பிடித்து, வலக்கையால் ஊசி போடுபவன். அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையல், ஒன்றுகூடக் கோணாது. அந்தக் கர்வம் எனக்கு நிறையவே உண்டு. இடக்கை போனால் பை தைக்கிற காதர் என்று என்னை எவன் கூப்பிடப்போகிறான் என்று நினைத்துக்கொண்டே வீடு வந்தேன்.

பட்டறைத் தூசி ஆகாது என்றார்கள். வீட்டு மொட்டை மாடியில் ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கொண்டேன். மனைவி ஜமீலா சாப்பாட்டைக் கடைசிப் படியில் வைத்துவிட்டு, நோய் தொற்றாமல் இருக்க நாலு படி கீழே நின்று பேசுவாள். நான் மேலே இருந்து கத்துவேன். ரசத்தில் உப்பில்லை என்பதில் தொடங்கி, தெருவில் குழாய்ச் சண்டை வரைக்கும் எல்லாவற்றுக்கும் கத்துவேன். படுத்துக் கிடப்பவனுக்குக் கோபம்தான் ஒரே வேலை.

தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிக்காக மாதுங்கா கிளினிக்குக்குப் போக வேண்டும். அந்தப் பெஞ்சில்தான் நாராயணனைச் சந்தித்தேன். ரயில்வே ஆபீசில் குமாஸ்தா, என் வயதுதான், என் நோய்தான். கையில் எப்போதும் போட்டோ பிடிக்கச் சொல்லித் தரும் புத்தகம் வைத்திருப்பான். வானத்தையும் பூச்சிகளையும் படம் பிடிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன் என்றான். பிழைத்துக் கிடந்தால் பார்க்கலாம் என்று மனதுக்குள் சிரித்தேன்.

“பாய், நீங்க தோல் வேலையோ? சோர் பஜார்ல ஒரு பழைய கேமரா வாங்கினேன். துருத்தியைக் கரப்பான் தின்னுடுத்து. ஒண்ணு பண்ணித் தருவேளா?” என்றான்.

லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவில் மடிப்பு மடிப்பாக நீண்டு சுருங்கும் தோல் கூட்டைத்தான் துருத்தி என்கிறார்கள். எனக்குக் கேட்கவா வேண்டும். மூன்று மாதம் சும்மா கிடந்த கை துறுதுறுத்தது. நல்ல மெல்லிய ஆட்டுத்தோலாக வாங்கிவரச் சொல்லி, கறுப்புச் சாயம் ஏற்றி, நாலு மூலையிலும் பன்னிரண்டு தையல் கணக்கில் தைத்தேன். ஒட்டினாலே போதும் என்று நாராயணன் முனகினான். பசையை நம்புகிறவன் தொழிலாளியா என்று அவன் வாயை அடைத்தேன்.

அடுத்த ஞாயிறு, இருட்டியதும் எங்கள் மொட்டை மாடியில் கேமராவை வானத்தைப் பார்க்க வைத்து, அரை மணி நேரம் லென்ஸைத் திறந்துவிட்டோம். அவன் வீட்டுச் சமையலறையில் ஜன்னலை அடைத்துப் பிலிம் கழுவினான். இரண்டு நாள் கழித்துப் படத்தோடு படியேறி ஓடி வந்தான். ஓடக் கூடாதவன் ஓடி வந்தான்.

படம் முழுக்க நட்சத்திரம்! பளிச்சென்று, வரிசை வரிசையாக. எண்ணினோம், நாற்பத்தொன்று. இது எந்த மண்டலம் என்று அவன் புத்தகத்தைப் புரட்டினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜமீலாவைக் கூப்பிட்டேன். அவள் படத்தை வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பைகளுக்குத் தையல் கோடு போட்டுத் தருவது அவள்தான்.

“ஏங்க, இது நம்ம தையல்லா?”

“என்னளா உளறுத? வானத்தப் புடிச்ச படம்.”

“வானத்துல அங்குலத்துக்குப் பன்னெண்டு கணக்குலயா நட்சத்திரம் இருக்கும்? இந்தா, மூலையில முடியுத எடத்துல ரெண்டு தையல் பின்னால வாங்கியிருக்கு பாருங்க. நீங்கதான் அப்படிப் போடுவிய. வேற யாரு போடுவா?”

நாராயணன் தலையில் அடித்துக்கொண்டான். “மண்டு, மண்டு! அரை மணி திறந்து வெச்சா நட்சத்திரம் நகர்ந்து கோடாத்தானே விழணும்? புள்ளியா நிக்குமோ?” தெருமுனை விளக்கின் வெளிச்சம் என் ஊசித் துளை ஒவ்வொன்றின் வழியாகவும் உள்ளே போய்ப் பிலிமில் விழுந்திருக்கிறது. அந்த வெளிச்சத்தில் அமுங்கிப்போன வானம் ஒரு நட்சத்திரத்தைக்கூடத் தரவில்லை. நாற்பத்தொன்றும் என் கைவேலை.

முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு ஜமீலாவின் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான், மூன்று பேரும் சிரித்தோம். வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரிப்பு இருமலானது. இருமல் நின்றதும் கைக்குட்டையைப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. அன்றைக்கு அவள் நாலு படி கீழே இறங்கி நிற்க மறந்துபோனாள்.

தையலைப் பிரித்துப் போட்டுவிட்டு, புதுத் தோலின் ஓரத்தைச் சீவி, மடித்து, பசை மட்டும் போட்டு இன்னொரு துருத்தி செய்தேன். கர்வத்தை விழுங்கிக்கொண்டு செய்த முதல் வேலை அது. இந்த முறை நட்சத்திரங்கள் உடைந்த வளையல் துண்டுகள் போல வளைந்த கோடுகளாக விழுந்தன. பூமி சுற்றுவதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். தாராவி மாடியில் படுத்துக்கொண்டு அதைப் பார்த்தது அன்றுதான். எனக்கு நடந்த நல்ல காரியங்களில் அதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்கிறேன்.

பகலில் கிட்டத்துப் படம். துருத்தியை இரு மடங்கு நீளமாக்கி லென்ஸை முன்னே தள்ளினால், ஈயின் இறகு உள்ளங்கை அகலத்துக்குத் தெரியும். ஆட்டுத்தோலில் முடி இருந்த துளைகளை அப்படித்தான் பார்த்தேன். பதினைந்து வருடம் அந்தத் தோலை வெட்டியவன், ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை. ஜமீலா எறும்புக்காகச் சீனி கொண்டுவருவாள். எறும்பு சீனியை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டிவிடும். ஒரு மாதம் அதோடு மல்லுக்கட்டித் தோற்றேன்.

துருத்தி நீள நீள வெளிச்சம் குறையும், ஆகவே லென்ஸை அதிக நேரம் திறந்து வைக்க வேண்டும். நடுவில் இருமினால் கேமரா வைத்த பலகை ஆடும், படம் கலைந்துவிடும். முதலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். டாக்டர் கண்டித்தார். மூச்சை அடக்காமல், மெல்ல வெளியே விட்டபடியே எண்ணப் பழகினேன். ஆரம்பத்தில் ஆறு எண்ணுவதற்குள் இருமல் வரும். ஐந்தாம் மாதத்தில் முப்பது எண்ணினேன். கலைந்த படங்களையும் நாராயணன் தூக்கி எறியவில்லை, தேதி எழுதி அடுக்கி வைத்தான்.

ஆறாம் மாதம் வந்தது. எக்ஸ்ரே எடுத்த பிறகு, தாழ்வாரத்தில் நானும் ஜமீலாவும் காத்திருந்தோம். என் இடத்தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். நாராயணனுக்கு முந்தைய வாரமே நல்ல செய்தி கிடைத்துவிட்டது. அதில் சந்தோஷப்பட்டேன், கொஞ்சம் பொறாமையும் பட்டேன். அதை ஒளிப்பானேன்?

டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். பழையதில் அந்தக் கறுப்பு வட்டம். புதியதில் அதே இடத்தில் முடி அளவுக்கு ஒரு வெள்ளைக் கீறல்.

“எங்க டாக்டர் குழி?” என்று கேட்டேன்.

“அதான் மூடிடுத்தே. இது தழும்பு, அது இருக்கத்தான் இருக்கும். ஆபரேஷன் வேண்டாம். ஆனா மருந்தை நிறுத்தப்படாது. இன்னும் ஒரு வருஷம்.”

“ஒரு வருசந்தான டாக்டர்” என்றேன். முதலில் ஒரு மாதம் படுக்கச் சொன்னதற்கே அவர் மேசையைக் குத்தியவன் நான். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு தரம் பார்த்தார். ஜமீலா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

திரும்பும்போது ரயில்வே பாலத்தில் ஏறினோம். முன்பெல்லாம் அந்தப் பாலத்தில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கித்தான் தாண்டுவேன். அன்றும் நடுவில் நின்றேன். கைப்பிடிக் கம்பியின் மூலையில் ஒரு சிலந்தி, கால்களை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதன் முதுகில் மஞ்சளாக இரண்டு கோடுகள். பின்னால் வந்தவர்கள் “அரே, ஆகே சலோ” (அட, முன்னே நடங்கள்) என்று இடித்துக்கொண்டு போனார்கள்.

“மூச்சு வாங்குதா? செத்த உக்காருதியளா?” என்றாள் ஜமீலா.

“இல்லளா. பாத்துக்கிட்டு நிக்கேன்.”

அவள் சிலந்தியைப் பார்க்கவில்லை. என் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆற அமரப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். கீழே இரண்டு ரயில்கள் போகும்வரை அப்படியே நின்றோம்.