லிட்டருக்கு இருபத்திரண்டு

எங்கள் குடும்பத்துக்கு என்று ஒரு கார் கம்பெனி உண்டு. அதில் எங்களுக்குப் பங்கும் கிடையாது, வேலையும் கிடையாது. அந்தக் கம்பெனிக்கு எங்களைத் தெரியவே தெரியாது. ஆனாலும் அது எங்கள் கம்பெனிதான். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் நீங்கள் வேறு கம்பெனிக் கட்சியாக இருந்து சண்டைக்கு வருவீர்கள், எனக்கும் கை துறுதுறுக்கும், சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் போய்விடும்.

கம்பெனி ரொம்பப் பழசு. எவ்வளவு பழசு என்பதில்தான் வீட்டில் ஒற்றுமை இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் லாரி செய்தவர்கள் என்பார் அப்பா. லாரியெல்லாம் அப்புறம், முதலில் செய்தது நெல் அரைக்கும் மிஷின் என்று பெரியப்பா கடைசிவரை அடித்துச் சொன்னார். சித்தப்பா தையல் மிஷின் கட்சி. மூன்று பேரிடமும் ஆதாரம் என்று ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. ஆனால் இப்படித் தகடு போட உலகத்தில் இன்னொருவன் பிறக்கவில்லை என்பதில் மூவரும் ஒரே குரல். பேச்சு முடிந்ததும் விரலை மடக்கி பானெட்டில் ஒரு தட்டு தட்டுவார்கள். 'ணங்' என்று கேட்கும். மூவர் முகத்திலும் அப்போது ஒரு பூரிப்பு வரும் பாருங்கள், பிள்ளைகள் மார்க் வாங்கி வந்தபோதுகூட நாங்கள் அதைப் பார்த்ததில்லை.

அப்பா அந்தக் கம்பெனியின் பழைய கார் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி இருபது வருடம் ஓட்டினார். ஸ்ரீரங்கத்தில் யார் வண்டியைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "மைலேஜ் என்ன கொடுக்குது?" என்பதுதான். அப்பா யோசிக்காமல் "பதினாறு" என்பார். கேட்டவர் புருவம் தூக்குவார். அந்தக் காலத்தில் பதினாறு என்பது பெரிய மனிதர் எண்.

எனக்கு வயது வந்து, வேலை வந்து, கல்யாணம் ஆகி, நானும் அதே கம்பெனியில் புது மாடல் ஒன்று வாங்கினேன். அபார்ட்மெண்ட் வாசலில் வண்டியை நிறுத்தி எலுமிச்சம்பழத்தை நசுக்கி முடிப்பதற்குள் முதல் ஆள் கேட்டுவிட்டார். நான் "இருபத்திரண்டு" என்றேன். ஏன் இருபத்திரண்டு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாயில் வந்தது, சொன்னேன்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் கணக்கு வாத்தியார். மைலேஜ் என்பது பெரிய கணக்கு ஒன்றும் இல்லை. டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பினால், ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே ஒரு முறை செய்து பார்த்தேன். பதிமூன்று வந்தது. விடை தப்பு என்று முடிவு செய்து பேப்பரைக் கிழித்துப் போட்டுவிட்டேன். என் மாணவன் எவனாவது இப்படிச் செய்திருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்.

எதிர் வீட்டு அண்ணன் வராமல் இருந்திருந்தால் இந்தப் பொய் சௌக்கியமாகவே இருந்திருக்கும். மன்னார்புரத்தில் ஓர் ஆபீசுக்கு முப்பத்தைந்து வருடம் பஸ்ஸில் போய் வந்து ரிட்டையர் ஆனவர். அறுபது வயதில் டிரைவிங் கற்றுக்கொண்டார். அவருடைய மனைவிக்கு, அதாவது எதிர் வீட்டு அக்காவுக்கு, ஒரே ஒரு ஆசை: சொந்தக் காரில், புருஷன் ஓட்ட, தொட்டியத்தில் இருக்கும் தன் அக்கா வீட்டு வாசலில் போய் இறங்க வேண்டும். எந்த வண்டி வாங்கலாம் என்று அண்ணன் என்னைக் கேட்டார். நான் பானெட்டைத் தட்டிக் காட்டினேன். 'ணங்'. பிறகு அந்த எண்ணைச் சொன்னேன். மறு வாரமே அதே கம்பெனி, அதே மாடல், நிறம் மட்டும் வேறாக, எதிரே வந்து நின்றது.

மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலையில் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். காபியைக் கையில் வாங்கிக்கொண்டு குடிக்காமல் நின்றார்.

"தம்பி, அவரு வண்டி ஓட்டுறத நிறுத்திட்டாருங்க."

"ஏங்கக்கா, எங்கயாவது இடிச்சிட்டாரா?"

"இடிச்சாக்கூடப் பரவால்லையே. பதிமூணுதான் கொடுக்குதாம். உங்களுக்கு இருவத்திரண்டு கொடுக்குதாம். அதே வண்டி, அதே ரோடு, அப்ப என் கால்தான் சரியில்லங்கிறாரு. ஆக்ஸிலேட்டருக்குக் கீழ முட்டை இருக்கிறதா நெனச்சு மிதிக்கணும்னு நீங்க சொன்னீங்களாமே. தூக்கத்துலகூட முட்டை முட்டைன்னு பேசறாரு தம்பி. திங்கக்கிழமை ஒரு ஆளு வண்டியப் பாக்க வர்றான். வித்துடப் போறாராம்."

என் மனைவி அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். கிழித்த பேப்பரைக் குப்பையில் போட்டதே அவள்தான்.

அக்கா போனதும் நான் அப்பாவிடம் போனேன். ஒரு தைரியத்துக்காகத்தான். நம் பரம்பரையில் அப்பாவின் பதினாறாவது உண்மையாக இருக்கட்டுமே என்ற நப்பாசை.

"அப்பா, அந்தப் பழைய வண்டி நெஜமாவே பதினாறு கொடுத்துச்சா?"

பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "யாருக்குடா தெரியும்? அதுல கிலோமீட்டர் ஓடினதே இல்ல. வாங்கும்போதே மீட்டர் நின்னு போயிருந்துச்சு."

"பின்ன எப்படிப்பா பதினாறுன்னு சொன்னீங்க?"

"கேக்கறாங்கல்ல. ஒரு பதில் சொல்ல வேண்டாமா?"

எனக்குச் சிரிப்பு பீறிக்கொண்டு வந்தது. இருபது வருடம்! அந்தப் பதினாறைக் கேட்டு எத்தனை பேர் அந்தக் கம்பெனி வாசலில் போய் நின்றார்களோ! கம்பெனிக்காரர்கள் விளம்பரத்துக்கு என்னதான் செலவு செய்தார்களோ தெரியாது, ஆனால் நின்று போன ஒரு மீட்டரை வைத்துக்கொண்டு என் அப்பா செய்த அளவுக்கு யாரும் செய்திருக்க முடியாது.

சரி, உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதானே என்பீர்கள். சொல்லலாம்தான். ஆனால் எனக்கு மானம் போகும், அப்பாவுக்கு மானம் போகும், கம்பெனிக்கு மானம் போகும். அதனால் வேறு யோசனை செய்தேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணனுடைய வண்டியை நானே முக்கொம்புவரை ஓட்டிக் காட்டுவது. எப்படியாவது ஒரு பதினெட்டு கொண்டு வந்துவிட்டால், கொஞ்சம் பழகினால் உங்களுக்கும் வந்துவிடும் என்று தட்டிக்கொடுத்துத் தப்பித்துவிடலாம். ஒரு கணக்கு வாத்தியார் இப்படி நம்பினான் என்பதை நினைத்தால் இப்போதும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

காவிரிப் பாலத்துக்குப் பக்கத்து பங்க்கில் டேங்கை வழிய வழிய நிரப்பிக்கொண்டு கிளம்பினோம். நான் ஸ்டியரிங்கில், பக்கத்தில் அண்ணன், பின்னால் அக்காவும் என் மனைவியும். ஏசி பெட்ரோலைக் குடிக்கும், அதனால் கிடையாது. ஜன்னலைத் திறந்தால் காற்று வண்டியைப் பின்னால் தள்ளும், அதனால் அதுவும் கிடையாது. சித்திரை மாதத் திருச்சியில், மூடிய காருக்குள் நாலு பேர் இட்லிப் பானையில் உட்கார்ந்தது மாதிரி உட்கார்ந்திருந்தோம். பாலத்தில் இறக்கம் வந்ததும் நியூட்ரலில் விட்டேன். சிக்னலில் என்ஜினை அணைத்தேன். கரூர் ரோட்டில் முப்பதைத் தாண்டவில்லை. ஒரு கரும்பு டிராக்டர் எங்களை ஓவர்டேக் செய்தது. அதன் பின்னால் ஒரு டவுன் பஸ், அதன் பின்னால் ஒரு சைக்கிள். சைக்கிள்காரர் குனிந்து உள்ளே பார்த்து, "ஏதாவது ரிப்பேருங்களா?" என்று கண்ணாடிக்கு வெளியிலிருந்து கத்திக் கேட்டார்.

"கண்ணாடியையாவது இறக்குங்களேன்," என்றாள் என் மனைவி.

"இன்னும் கொஞ்ச தூரம்தான்."

"வண்டி மைலேஜ் கொடுக்கும், நாங்கதான் உயிரக் கொடுக்கணும்."

அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. வழி முழுக்க என் வலது காலையே பார்த்துக்கொண்டு வந்தார். என் செருப்புக் காலை அவ்வளவு பக்தியோடு யாரும் பார்த்ததில்லை. எனக்குக் கூச்சமாகவும் பயமாகவும் இருந்தது.

முக்கொம்பில் பார்க்கில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்தோம். என் மனைவி காதருகே, "இங்கயே சொல்லிடுங்க," என்றாள். வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணன் சொன்னார்: "உங்க வார்த்தைய நம்பித்தான் சார் வாங்கினேன். உங்க மேல ஒரு குத்தமும் இல்ல. அறுபது வயசுல கத்துக்கிட்டது, அவ்வளவுதான் வரும்போல. எனக்கு வராததுக்கு ஆசைப்பட்டுட்டேன்." கடலைத் தோலை உரிப்பது மாதிரி தலை குனிந்துகொண்டார். என் கடலைப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டேன். ஆனாலும் சொல்லவில்லை. திரும்பும்போது அதிர்ஷ்டம் அடிக்கும் என்று இன்னும் ஒரு நப்பாசை.

அதே பங்க்கில் மறுபடி நிரப்பினோம். ஓடியது நாற்பத்தொரு கிலோமீட்டர். ஊற்றியது மூன்று புள்ளி இரண்டு லிட்டர். அண்ணன் போனில் வகுத்தார். நான் மனதிலேயே முடித்துவிட்டேன்.

"பன்னெண்டு புள்ளி எட்டு," என்றார். மறுபடியும் தட்டிப் பார்த்தார். "சார்! நீங்க ஓட்டியே பன்னெண்டுதானா! எனக்குப் பதிமூணு வந்துச்சே!" முகம் குபீரென்று மலர்ந்தது. அடுத்த நிமிஷமே கறுத்தது. "அப்ப என் கால் இல்ல. வண்டிதான் கோளாறு. உங்களுக்கு நல்ல வண்டியக் கொடுத்துட்டு எனக்கு இதத் தள்ளி விட்டுட்டானுங்க. நாளைக்கே ஒழிச்சுடறேன்."

நான் எதற்கும் துணிந்துவிட்டேன். "அண்ணே, என் வண்டியும் பதிமூணுதாண்ணே."

"என்னது?"

"இருவத்திரண்டு எல்லாம் இல்லண்ணே. சும்மா சொன்னேன். எல்லாரும் சொல்றாங்களேன்னு."

பெட்ரோல் போட்ட பெண் டேங்க் மூடியைத் திருகிக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: "இங்க வர்றவங்க எல்லாருமே இருவது, இருவத்திரண்டுதான் சார் சொல்லுவாங்க. மூணு நாளைக்கொருக்க வந்தும் நிப்பாங்க."

பின் சீட்டில் அக்காதான் முதலில் சிரிக்க ஆரம்பித்தார். ஆரம்பித்தவரால் நிறுத்த முடியவில்லை. என் மனைவியும் சேர்ந்துகொண்டாள். பின்னால் வரிசையில் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. அண்ணன் மட்டும் என்னையே பார்த்தார்.

"மூணு மாசம் சார். ஒவ்வொரு தடவ கீர் மாத்தறப்பவும் தப்பு பண்றோம், தப்பு பண்றோம்னே ஓட்டியிருக்கேன். ராத்திரி தூக்கம் இல்ல. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"தப்புதாண்ணே," என்றேன். வெட்கமாக இருந்தது. ஒரு சின்ன பெருமைக்காக, நல்ல மனிதர் ஒருவருடைய காலையே அவர் சந்தேகப்படும்படி செய்துவிட்டேன்.

அவர் கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். நான் பின் சீட்டுக்குப் போக, அக்கா முன்னால் வந்தார். அண்ணன் சீட்டை இழுத்துப் போட்டு, கண்ணாடியைச் சரிசெய்து, ஏசியைக் கடைசி நம்பர்வரை திருகினார். வண்டி கிளம்பியது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை. நேரே கொள்ளிடம் பாலம் ஏறிவிட்டார்.

"எங்கங்க போறீங்க?" என்றார் அக்கா.

"தொட்டியம்."

"இந்தச் சேலையோடவா?"

"நல்லாத்தான் இருக்கு. அந்த ஆளுக்குப் போன் போட்டு நாளைக்கு வர வேண்டாம்னு சொல்லு."

டோல்கேட் தாண்டி நாமக்கல் ரோட்டில் ஏறியதும் மனிதர் பறந்தார். முட்டையாவது ஒன்றாவது! காலையில் எங்களைத் தாண்டிய மாதிரியே ஒரு டிராக்டர் முன்னால் போனது. ஹாரன் அடித்து அதைத் தாண்டினார். ஒரு டவுன் பஸ்ஸையும் தாண்டினார். ஒவ்வொன்றுக்கும் அக்கா கைதட்டினார். முசிறியில் நிறுத்தி எல்லாருக்கும் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார், எனக்கும் சேர்த்து. கொடுக்கும்போது, "குடிங்க, புளுகு சார்," என்றார். அந்தப் பெயர் எனக்கு இன்றும் அபார்ட்மெண்டில் இருக்கிறது.

தொட்டியத்தில் வாழைக் கொல்லையை ஒட்டிய அந்த வீட்டு வாசலில் வண்டி நின்றபோது, அக்கா தானாகக் கதவைத் திறக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அவருடைய அக்கா உள்ளிருந்து ஓடி வந்து கதவைத் திறக்கும்வரை இறங்கவில்லை. கூடவே அவர் புருஷன், அண்ணனுடைய சகலை, வந்தார். வாழை வியாபாரி, மீசையும் குரலுமாக ஓங்குதாங்கான மனிதர். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். விரலை மடக்கி பானெட்டில் ஒரு தட்டு தட்டினார்.

"என்ன கொடுக்குது?"

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"பதிமூணு," என்றார் அண்ணன்.

"பதிமூணா? இந்தக் கம்பெனி வண்டியா? எத்தன வருஷக் கம்பெனி! எங்க ஊர்ல இருவதுக்குக் கொறஞ்சு ஒருத்தனும் சொன்னதில்ல." சகலை உதட்டைப் பிதுக்கினார். "வண்டி மேல குத்தம் இல்ல சகல. உங்களுக்கு ஓட்டத் தெரியல."

மூன்று மாதம் அவரைத் தூங்கவிடாத அதே வார்த்தை, இப்போது சொந்தக்காரர்கள் முன்னால். என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை வண்டிமேல் சாய்ந்துகொண்டு சிரித்தார். பிறகு முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "வாங்க சகல, ஏறி உக்காருங்க," என்றார். "நான் எப்படி ஓட்டுறேன்னு பாருங்க."